இன்ஜின் டியூனிங்குக்கு எந்த லேப்டாப் வாங்குவது?

கேள்வி: ஐயா, வணக்கம். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு கிராமம் எனக்கு. ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூரில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். இப்போது ஊரிலேயே ஷெட் போட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்கியிருக்கிறேன். ஸ்கேனர் வைத்துப் பழுது கண்டுபிடிப்பது நன்றாக வருகிறது. அடுத்து இ.சி.யூ. டியூனிங், அதாவது இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரின் அமைப்புகளைத் திருத்தும் வேலை, கற்றுக்கொள்ள ஆசை. நண்பர் ஒருவர் தன் பழைய எஸ்டீம் காருக்கு ஸ்பீடுயினோ என்ற, நாமே அமைத்துக்கொள்ளும் இ.சி.யூ.வைப் போட்டுத் தரச் சொல்கிறார்; ரோட்டில் ஓட்டுவதற்கு இல்லை, டிராக்கில் ஓட்டிப் பார்க்க. அதில் தொடங்கலாம் என்றிருக்கிறேன். லேப்டாப்புக்கு 70,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கேமிங் லேப்டாப்தான் இந்த வேலையைத் தாங்கும் என்கிறார் கடைக்காரர். மாமா மகன் தன் பழைய விண்டோஸ் 7 லேப்டாப்பைச் சும்மாவே தருகிறேன் என்கிறான். இன்னொருவர் கேபிளும் சாஃப்ட்வேரும் சேர்த்து 4,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். டீசல் வண்டிக்காரர்கள் சிலர், புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டரான டி.பி.எஃப்., புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்குள் விடும் இ.ஜி.ஆர். இரண்டையும் எடுத்துவிடச் சொல்கிறார்கள். வழிகாட்டுங்கள்.

பதில்: தம்பி, சேர்த்து வைத்த 70,000 ரூபாயையும் லேப்டாப்பில் போட்டுவிடாதீர்கள். ஏன் என்று சொல்வதற்கு முன் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

12 ஆண்டுகளுக்கு முன் பென்னாகரத்திலிருந்து ஒரு டீசல் கார் தருமபுரியில் என் பட்டறைக்கு வந்தது. இ.சி.யூ.வில் புது ஃபைல் எழுத வேண்டும். கேபிளை மாட்டி எழுத விட்டேன். திரையில் சதவீதம் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்து வண்டியில் பிரேக் வேலை பார்த்த பையன் கூப்பிட்டான் என்று எழுந்து போனேன். திரும்பி வந்தபோது திரை இருண்டு கிடந்தது. கொஞ்ச நேரம் யாரும் தொடவில்லை என்பதால் லேப்டாப் தானாகவே தூங்கிவிட்டது, யு.எஸ்.பி. தொடர்பும் அதோடு அறுந்துவிட்டது. எழுதியது பாதி, எழுதாதது பாதி. சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்கவில்லை. ஸ்கேனரைப் போட்டால் இ.சி.யூ. பதிலே சொல்லவில்லை. கார்க்காரர் வீட்டில் அந்த வாரம் கல்யாணம். இ.சி.யூ.வைக் கழற்றி, மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் போர்டிலேயே ஒயர் பிடித்து மறுபடி எழுதி அதற்கு உயிர் கொடுக்க மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் அந்த மனிதர் வாடகை வண்டியில் பத்திரிகை வைத்துக்கொண்டிருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது.

அந்த லேப்டாப் அப்போது நான் வாங்கக்கூடியதிலேயே வேகமானது. அதன் வேகம் எனக்கு எந்த உதவியும் செய்யவில்லை. எழுதத் தொடங்கியதை முடிக்கும்வரை நிற்காமல் இருக்க வேண்டும். டியூனிங் லேப்டாப்பிடம் அன்றிலிருந்து நான் முதலில் கேட்பது அதைத்தான். மற்ற எல்லாம் அதற்குப் பிறகு.

வேகம் ஏன் வேண்டாம் என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். இன்றைய கார்களில் இ.சி.யூ.வோடு பேசும் கேன் லைன் பெரும்பாலும் நொடிக்கு 500 கிலோபிட் வேகத்தில் ஓடுகிறது. 4 எம்.பி. ஃபைல் ஒன்றை அந்த லைனில் அனுப்பினால், வேறு எந்தத் தாமதமும் இல்லாவிட்டாலும் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். நடைமுறையில் ஒவ்வொரு துண்டுக்கும் இ.சி.யூ. தலையாட்டிய பிறகுதான் அடுத்த துண்டு போகும்; பழையதை அழிக்கவும் நேரம் பிடிக்கும்; ஆகவே பல நிமிடங்கள் இழுக்கும். பழைய வண்டிகளில் அதற்குப் பதிலாகக் கே-லைன் இருக்கிறது. அது நொடிக்கு 10,400 பிட். அந்த வேகத்திலேயே போனால் வெறும் 512 கே.பி. ஃபைலுக்கு எட்டு நிமிடத்துக்கு மேல் வேண்டும். ஒன்றரை லட்சம் ரூபாய் லேப்டாப்பாக இருந்தாலும் அந்த ஒயரின் மறுமுனையில் காத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கும். டேட்டா லாக்கிங்கும் அப்படித்தான். 30 அளவீடுகளை நொடிக்கு 20 முறை பதிவு செய்தாலும், ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பத்து இருபது எம்.பி.தான் வரும். மேப்பை, அதாவது எந்த நிலையில் எவ்வளவு எரிபொருள் என்பது போன்ற அட்டவணையை, திருத்தும் மென்பொருள்களுக்கும் கிராஃபிக்ஸ் கார்டு தேவையில்லை; அவை காட்டுவது எண்களின் அட்டவணையும் ஒரு முப்பரிமாணக் கோட்டுப் படமும்தான்.

ஆகவே கேமிங் லேப்டாப் வேண்டாம். வீண்செலவு என்பது ஒரு காரணம். இந்த வேலைக்கு அது இடைஞ்சல் என்பது அதைவிடப் பெரிய காரணம். கனம் அதிகம். அதன் சார்ஜரே செங்கல் அளவுக்கு இருக்கும். சார்ஜரைப் பிடுங்கினால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். அதன் ஃபேன்கள் காற்றை வேகமாக இழுக்கின்றன. ஷெட்டில் காற்றோடு சேர்ந்து என்னவெல்லாம் வரும் என்று உங்களுக்குத் தெரியும். நம் பக்கம் கிரானைட் லாரிகள் ஓடும் சாலையோரம் ஷெட் இருந்தால், ஆறு மாதத்துக்கு ஒரு முறை திறந்து சுத்தம் செய்ய வேண்டியிருக்கும்.

மாமா மகனின் விண்டோஸ் 7 லேப்டாப்பை நான் முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். பழைய கருவி ஏதாவது அதில் மட்டும்தான் ஓடும் என்ற நிலை வரலாம். வாங்கி அலமாரியில் வையுங்கள். அன்றாட வேலைக்கு அது ஆகாது. விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்டின் பாதுகாப்பு உதவி 2020 ஜனவரி 14-இல் முடிந்தது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. புதிதாக வரும் டியூனிங் கருவிகள் இணையத்தில் போய் உரிமம் சரிபார்க்கின்றன, ஃபைல் இறக்குகின்றன. ஓட்டை விழுந்த விண்டோஸில் இணையத்தைத் திறந்துவைத்தால், வாடிக்கையாளரின் ஃபைல்கள் அத்தனையும் ஆபத்தில் இருக்கும். அதோடு அந்தக் காலத்து லேப்டாப்பில் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் இருக்கும். ஓடும் காரில் மடியில் வைத்து லாக் எடுக்கும்போது குலுங்கினால் அது கெட்டுப்போகும். எஸ்.எஸ்.டி. இல்லாத லேப்டாப்பைக் காருக்குள் கொண்டுபோகாதீர்கள்.

அப்படியானால் எதை வாங்குவது? நிறுவனங்களில் பயன்படுத்திக் கழித்த பிசினஸ் ரக லேப்டாப்பைப் பரிந்துரைக்கிறேன். லெனோவோ திங்க்பேட் டி480, டெல் லாட்டிட்யூட் 5490, ஹெச்.பி. எலைட்புக் 840 ஜி5 ஆகியவை அந்த வகை. இவற்றில் இன்டெல் 8ஆம் தலைமுறை ஐ5 உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். இன்டெல்லில் விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்பது பொதுவாக 8ஆம் தலைமுறையிலிருந்துதான். டி480-இல் 7ஆம் தலைமுறை போட்டு வந்ததும் உண்டு. வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது, திறந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும். 8 ஜி.பி. ரேம் போதும், 16 கிடைத்தால் நிம்மதி. 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. போதும். 14 அங்குலத் திரை ஸ்டீயரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவே வைக்க வசதியான அளவு. டி480-இல் உள்ளே ஒன்று, வெளியே கழற்றக்கூடிய ஒன்று என இரண்டு பேட்டரி இருக்கிறது. லேப்டாப் ஓடும்போதே வெளிப் பேட்டரியை மாற்றலாம். எனக்கு அது மிகவும் பிடித்த விஷயம். விலை மாறிக்கொண்டே இருக்கும் என்றாலும், 30,000 ரூபாய்க்குள் நல்ல நிலையில் ஒன்று கிடைத்துவிடும்.

நீங்கள் இருக்கும் இடம் இதற்குத் தோதானது. பெங்களூரு ஐ.டி. நிறுவனங்கள் கழித்துவிடும் லேப்டாப்கள் எஸ்.பி. ரோடு கடைகளில் குவிந்து கிடக்கின்றன. ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர்தான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடாதீர்கள். நிறுவனத்தின் பூட்டு நீங்காமல் வரும் லேப்டாப்கள் உண்டு. கடையில் நன்றாக ஓடும். வீட்டுக்கு வந்து விண்டோஸைப் புதிதாகப் போட்டால், அந்த நிறுவனத்தின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கேட்டு நிற்கும். ஆகவே கடையிலேயே விண்டோஸைப் புதிதாகப் போடச் சொல்லி, இணையத்தோடு இணைத்து, முகப்புத் திரை வரும்வரை காத்திருங்கள். விண்டோஸுக்கு முன்பே ஓடும் பயோஸ் அமைப்பில் கடவுச்சொல் இருக்கிறதா என்றும் பாருங்கள். விண்டோஸிலேயே பேட்டரி அறிக்கை எடுக்கும் வசதி இருக்கிறது. புதிதாக இருந்தபோது பேட்டரியின் கொள்ளளவு எவ்வளவு, இப்போது முழுச் சார்ஜில் எவ்வளவு என்று அதில் இரண்டு எண்கள் வரும். இப்போதைய எண் முன்னதில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், புதுப் பேட்டரிக்கான பணத்தை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

கடைக்குப் போகும்போது உங்களிடம் இருக்கும் ஸ்கேனர் கேபிளைப் பையில் எடுத்துக்கொண்டு போங்கள். ஒவ்வொரு யு.எஸ்.பி. துளையிலும் மாட்டி, மெல்ல அசைத்துப் பாருங்கள். அசைத்தால் இணைப்பு விட்டுவிட்டு வரும் துளை ஒன்று இருந்தாலும் அந்த லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இ.சி.யூ.வில் எழுதும்போது, காலில் கேபிள் இடறி ஒரு நொடி தொடர்பு அறுந்தால் என்ன ஆகும் என்பதை மேலே சொல்லிவிட்டேன். சாதாரண அகல யு.எஸ்.பி. துளை குறைந்தது இரண்டு வேண்டும். ஒன்று கருவிக்கு, மற்றொன்று காற்று-எரிபொருள் கலவையை அளக்கும் வைட்பேண்ட் மீட்டருக்கோ, மென்பொருளின் உரிமம் உள்ள டாங்கிளுக்கோ. சிறிய சி வகைத் துளை மட்டும் உள்ள மெல்லிய லேப்டாப்பில் இணைப்பான் ஒன்றைச் செருக வேண்டும். செருகல் கூடக்கூட அறுந்துபோகும் இடமும் கூடுகிறது. யு.எஸ்.பி. ஹப் வழியாக இ.சி.யூ.வில் எழுதவே கூடாது. நெட்வொர்க் கேபிள் மாட்டும் துளை இருந்தால் நல்லது. பி.எம்.டபிள்யூ. போன்ற சில கார்களில் ஸ்கேனர் மாட்டும் ஓ.பி.டி. சாக்கெட்டிலிருந்து நேராக நெட்வொர்க் கேபிள் வழியே பேசும் முறை இருக்கிறது. நான் சொன்ன மூன்று மாடலிலும் அந்தத் துளை உண்டு.

திரையைப் பற்றி ஒரு குறையைச் சொல்லிவிட வேண்டும். டி480-இல் பரவலாகக் கிடைக்கும் திரையின் வெளிச்சம் 250 நிட்ஸ்தான். ஷெட்டுக்குள் போதும். கிருஷ்ணகிரி வெயிலில், ஏப்ரல் மாதம், கண்ணாடி வழியே வெளிச்சம் கொட்டும் காருக்குள் அதில் எண்களைப் படிப்பது கஷ்டம். 400 நிட்ஸ், பளபளப்பில்லாத திரை என்று கிடைத்தால் இன்னொரு 5,000 ரூபாய் கூடக் கொடுக்கலாம். கிடைக்காவிட்டால் கறுப்பு அட்டையில் மூன்று பக்கமும் மறைப்பு செய்து திரையைச் சுற்றி மாட்டுங்கள். நான் பல ஆண்டுகள் அப்படித்தான் ஓட்டினேன். பானசோனிக் டஃப்புக் போன்ற முரட்டு லேப்டாப்களைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். அதில் சி.எஃப்.-31 மாடலின் திரை 1,000 நிட்ஸுக்கு மேல், தூசி தண்ணீர் எதற்கும் அசையாது, பழைய சீரியல் போர்ட்டும் இருக்கிறது. எனக்கும் அதன் மேல் ஆசை உண்டு. ஆனால் அதன் கடைசி வரிசையே இன்டெல் 5ஆம் தலைமுறைதான்; விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது.

புதிதாகவே வாங்க வேண்டும் என்று வீட்டில் சொன்னால், இரண்டு வகையைத் தவிருங்கள். ஸ்னாப்டிராகன் சிப் உள்ள விண்டோஸ் லேப்டாப்கள் பேட்டரியில் நெடுநேரம் ஓடும். ஆனால் இன்டெல், ஏ.எம்.டி. சிப்புகளுக்காக எழுதப்பட்ட கேபிள் டிரைவர்கள் அவற்றில் ஏறாது. டியூனிங் கருவிகளின் டிரைவர்கள் பெரும்பாலும் அப்படி எழுதப்பட்டவையே. ஆப்பிள் மேக்புக்கும் அதே காரணத்தால் இந்தத் தொழிலுக்குச் சரிவராது. ஸ்பீடுயினோவுக்கான டியூனர்ஸ்டுடியோ மென்பொருள் மேக்கிலும் லினக்ஸிலும் ஓடும், மற்ற கருவிகள் பெரும்பாலும் விண்டோஸ்தான் கேட்கும். குறைந்த விலைப் புது லேப்டாப் சிலவற்றில் விண்டோஸ் எஸ் மோடில் வரும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரின் ஆப்களைத் தவிர வேறு எதையும் அது ஏற்காது. காசு கொடுக்காமலே அதிலிருந்து வெளியே வந்துவிடலாம், முதல் நாளே வந்துவிடுங்கள்.

வாங்கி வந்ததும் அரைநாள் ஒதுக்கி அதைத் தயார் செய்யுங்கள். எந்த நிலையிலும் தூங்கக் கூடாது, மூடியை மூடினாலும் ஒன்றும் செய்யக் கூடாது என்று பவர் அமைப்பில் மாற்றுங்கள். அங்கேயே உள்ளே போனால் யு.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பெண்ட் என்று ஒன்று இருக்கும். சும்மா இருக்கும் யு.எஸ்.பி. கருவியின் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க நிறுத்திவைப்பது அதன் வேலை. அதை அணைத்துவிடுங்கள். வேலை நாளில் விண்டோஸ் அப்டேட்டை நிறுத்திவைத்து, ஞாயிற்றுக்கிழமை நீங்களே ஓட்டுங்கள். கருவி இணையம் கேட்காதபோது வைஃபையை அணைத்துவிடுங்கள். எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று தெரிந்ததும் முழு எஸ்.எஸ்.டி.யையும் அப்படியே படியெடுத்து வெளி டிஸ்க் ஒன்றில் பத்திரப்படுத்துங்கள். லேப்டாப் ஒருநாள் மக்கர் செய்தால், ஒரு மணி நேரத்தில் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். அந்த லேப்டாப்பில் குழந்தைகளுக்கு விளையாட்டு, வீட்டுக்குச் சினிமா எதுவும் வேண்டாம். ஸ்பேனர் பெட்டி போல அது பட்டறைக்குச் சொந்தமானதாக இருக்கட்டும்.

லேப்டாப்பில் மிச்சமாகும் பணம் எங்கே போக வேண்டும் என்றால், முதலில் காரின் பேட்டரிக்கு. எழுதும் நேரம் முழுவதும் சாவி ஆனில் இருக்கும், இன்ஜின் ஓடாது, ஆல்டர்னேட்டர் சார்ஜ் கொடுக்காது. சில கார்களில் எழுதத் தொடங்கியதும் ரேடியேட்டர் ஃபேன் தானாக முழு வேகத்தில் சுற்ற ஆரம்பித்துவிடும். பேட்டரி பழையதாக இருந்தால் வோல்டேஜ் சரிந்து, லேப்டாப் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இ.சி.யூ. பாதியில் படுத்துவிடும். எழுதும் நேரத்துக்கென்றே பேட்டரி சப்போர்ட் யூனிட் என்று விற்கிறார்கள். 13 வோல்ட்டைக் கொஞ்சம் தாண்டிய அளவில் சீராகப் பிடித்துவைக்கும், 30 ஆம்பியருக்குக் குறையாமல் தருவதாகப் பாருங்கள். லாரி பேட்டரிக்குப் போடும் பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜரை மாட்டாதீர்கள். அதன் வோல்டேஜ் அலையடிக்கும். எழுதும் முன் முகப்பு விளக்கு, ஏசி புளோயர், பாட்டு எல்லாவற்றையும் அணைத்துக் கதவுகளைச் சாத்திவிடுங்கள். லேப்டாப்பை முழுச் சார்ஜோடு தொடங்குங்கள். ஷெட்டில் எர்த் சரியாக இருந்தால் மட்டும் அதன் சார்ஜரை மாட்டுங்கள். லேப்டாப்பைத் தொட்டால் கையில் சுருசுருவென்று வந்தால் எர்த் சரியில்லை என்று பொருள். மின்வாரியம் பராமரிப்புக்காக மின்தடை அறிவிக்கும் நாளில் இந்த வேலையை எடுக்கவே வேண்டாம்.

4,000 ரூபாய் கேபிளுக்கு வருகிறேன். அதை வாங்காதீர்கள், தம்பி. நகல் கருவியும் பூட்டு உடைத்த சாஃப்ட்வேரும்தான் அந்த விலைக்கு வரும். அதை நிறுவுவதற்கே ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். விண்டோஸின் மெமரி இன்டெக்ரிட்டி பாதுகாப்பையும் அணைக்கச் சொல்வார்கள். உள்ளே வேறு என்ன இருக்கிறது என்று கொடுத்தவருக்கே தெரியாது. யு.எஸ்.பி. சிப்பிலும் போலி உண்டு. எஃப்.டி.டி.ஐ. நிறுவனத்தின் பெயரில் போலி சிப்புகள் ஏராளமாக வந்தபோது, 2014-இல் விண்டோஸ் அப்டேட் வழியே வந்த அந்நிறுவனத்தின் டிரைவர் போலிகளைச் செயலிழக்கச் செய்துவிட்டது. நேற்று வேலை செய்த கேபிள் இன்று செத்துக் கிடந்தது. இதையெல்லாம் விடப் பெரிய ஆபத்து செக்சம். ஃபைல் சரியானதா என்று இ.சி.யூ. சோதிக்கும் கூட்டுத்தொகை அது. ஃபைலைத் திருத்திய பின் அதைச் சரியாகத் திருத்தாமல் எழுதினால் வண்டி ஸ்டார்ட் ஆகாமலே போகலாம். நகல் கருவிகள் சில இ.சி.யூ.க்களில் இதைத் தவறாகச் செய்கின்றன. அசல் கருவியின் விலை லேப்டாப்பைப் போலப் பல மடங்கு. இப்போது உங்களால் முடியாது என்பது தெரியும். முடியும்வரை மற்றவர் காரின் இ.சி.யூ.வில் எழுதும் வேலையை எடுக்காதீர்கள். கருவியை முடிவு செய்தபின் அந்தக் கருவிக்காரர் என்ன லேப்டாப் கேட்கிறார் என்று பார்க்க வேண்டும். நான் சொன்ன வகை ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

அதுவரை உங்கள் கையில் எஸ்டீம் இருக்கிறதே! கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வழி இல்லை. ஸ்பீடுயினோவில் நீங்கள் மாற்றும் எண் உடனே ஓடும் இன்ஜினில் தெரியும். பிடித்திருந்தால் நிரந்தரமாகப் பதியலாம். நடுவில் லேப்டாப் அணைந்துபோனாலும் இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். கடைசியாகப் பதியாத மாற்றம் மட்டும் போகும். தொடங்குகிறவருக்கு இந்த மன்னிப்பு தேவை. அது ஆர்டுயினோ மெகா போர்டில் ஓடுகிறது. மலிவு விலை மெகா போர்டுகளில் பெரும்பாலும் சி.எச்.340 சிப் இருக்கும், அதன் டிரைவரை முதலில் போட்டுவிடுங்கள். இன்ஜின் வேகம் ஏறும்போது டியூனர்ஸ்டுடியோ இணைப்பு அறுந்து அறுந்து வந்தால் லேப்டாப்பைத் திட்டாதீர்கள். ஸ்பார்க் பிளக் ஒயரின் இரைச்சல் யு.எஸ்.பி. கேபிளில் ஏறுகிறது என்று அர்த்தம். ரெசிஸ்டர் வகைப் பிளக், குட்டையான நல்ல கேபிள், அதன் மேல் ஒரு ஃபெரைட் வளையம், பிளக் ஒயரிலிருந்து தள்ளிக் கொண்டுபோவது. இந்த நான்கும் செய்தால் பெரும்பாலும் நின்றுவிடும். அந்த நேரத்தில் லேப்டாப்பைப் பேட்டரியிலேயே ஓட்டுங்கள். சிகரெட் லைட்டர் துளையில் மாட்டும் இன்வெர்ட்டரும் இரைச்சலைக் கூட்டும்.

மிச்சப் பணத்தில் இரண்டாவதாக வாங்க வேண்டியது பாஷ் எல்.எஸ்.யூ. 4.9 சென்சார் உள்ள வைட்பேண்ட் மீட்டர். அது இல்லாமல் எரிபொருள் மேப்பைத் தொடுவது இருட்டில் ஊசி கோப்பது போன்றது. அதன் எண்ணை லாம்டாவில், அதாவது சரியான கலவையை 1 என்று வைத்த அளவில், படிக்கப் பழகுங்கள். சுத்தமான பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று என்று புத்தகத்தில் படித்திருப்பீர்கள். இன்று பெட்ரோல் பங்கில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அது ஏறத்தாழ 13.5. லாம்டாவில் இரண்டுக்குமே 1 என்பது 1தான். இன்னொன்றையும் கவனியுங்கள். காவேரிப்பட்டணத்திலிருந்து சூளகிரி மேடேறி ஓசூர் போனால், கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பீர்கள்; அங்கே காற்றழுத்தம் 91 கிலோபாஸ்கல் அளவுக்கு இறங்கியிருக்கும். கீழே டியூன் செய்த வண்டி மேலே போனால் வேறு எண் காட்டுகிறதே என்று மேப்பை மாற்றத் தொடங்கிவிடாதீர்கள். முதலில் காற்றழுத்தத் திருத்தம் சரியாக அமைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ரோட்டில் ஓட்டிக்கொண்டே லேப்டாப்பைப் பார்ப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். நெஞ்சு பதறும். டிராக்கிலோ தனி இடத்திலோ ஒருவர் ஓட்ட, மற்றொருவர் பக்கத்து சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்து லாக் எடுக்க வேண்டும். வண்டியை நிறுத்தியபின் எண்களை மாற்ற வேண்டும். 44ஆம் எண் நெடுஞ்சாலையில், அதிலும் தொப்பூர் கணவாயில், சோதனை ஓட்டம் வேண்டவே வேண்டாம். அந்தச் சரிவில் போன உயிர்கள் போதும்.

டி.பி.எஃப்., இ.ஜி.ஆர். பற்றிக் கேட்டீர்கள். நான் செய்வதில்லை, நீங்களும் செய்யாதீர்கள். தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் தனியாக இருக்கின்றன. 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் அந்த ஃபில்டர் பிடித்துவைப்பது நுரையீரலின் ஆழம் வரை போகும் கரித்தூள். வண்டிக்காரரிடம் முடியாது என்று மட்டும் சொல்லி அனுப்பாமல், அவருடைய உண்மையான பிரச்சினையைக் கேளுங்கள். ஃபில்டர் அடைக்கிறது என்றால், பெரும்பாலும் வண்டி தினமும் நான்கைந்து கிலோமீட்டர் மட்டும் ஓடுகிறது. ஸ்கேனர் வழியே ஃபில்டரைச் சுத்தம் செய்யும் ரீஜெனரேஷன் ஓட்டலாம், அழுத்த சென்சாரையும் அதன் குழாயையும் பார்க்கலாம், இ.ஜி.ஆர். வால்வைக் கழற்றிக் கழுவலாம். உங்களிடம் இன்றைக்கே இருக்கும் ஸ்கேனரிலும் கைத்திறனிலும் இதைச் செய்து நியாயமாகச் சம்பாதிக்கலாம்.

எஸ்டீம் வேலை முடிந்ததும், கழித்துக்கட்டும் கடையில் கார் இ.சி.யூ. ஒன்று வாங்குங்கள். 12 வோல்ட் பவர் சப்ளையில் மேசை மேல் வைத்து, அசல் கருவி உள்ள யாராவது பக்கத்தில் இருக்க, அதைப் படிக்கவும் திரும்ப எழுதவும் பழகுங்கள். ஒவ்வொரு முறையும் முதலில் படித்த மூல ஃபைலை இரண்டு இடத்தில் வையுங்கள். பெயரிலேயே வண்டி எண், தேதி, இ.சி.யூ. லேபிளில் உள்ள எண் மூன்றும் இருக்கட்டும். அந்தப் பென்னாகரம் காரை என்னால் மீட்க முடிந்தது, அதன் மூல ஃபைல் என்னிடம் இருந்ததால்தான். தருமபுரிப் பக்கம் வந்தால் என் பட்டறைக்கு அந்த இ.சி.யூ.வையும் புது லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். புதன்கிழமைகளில் எனக்கு வேலை குறைவு. முதல் முறை எழுதும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.